குறிப்பு: இல்லை

நீரேற்று நிலையத்தில் அவளை எல்லோரும் 'மோட்டாரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக மோட்டாரைப் போடுவது, அணைப்பது, மணிக்கொரு தரம் கிணற்றின் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவது, இவைதான் அவள் வேலை. பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. மற்ற ஷிஃப்டுக்காரர்கள் அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். வெளியே எட்டிப் பார்க்கவே வேண்டாம், கை தானாக எழுதிவிடும்.

அவள் கைக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. சேர்ந்த வாரமே 'குழாயடியில் ஒரு தவளை' என்று எழுதி மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த மழைக்கு, 'பக்கத்துக் குளம் முழுக்கத் தவளை, காது அடைக்கிறது.' போகப் போகத் தவளையைத் தின்ன வரும் நாரை, தவளை தின்னும் பூச்சி, பூச்சி ஒளியும் கோரைப்புல் எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. குளம் வற்றிக் கோரை கருகிய வருடம் நாரையும் வரவில்லை, கிணற்று மட்டமும் இறங்கியது. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. சேறு, வெயில், தண்ணீர், உயிர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

"சம்பளம் குடுத்துக் கதை எழுதச் சொல்றாங்களா?" என்று தையல்காரரான அவள் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு காலை பொறியாளர் ஜீப்பில் வந்தார். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். குளத்தை மூடி வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். 'பயனற்ற பள்ளம். உயிரினங்கள்: இல்லை' என்று அதில் அச்சாகியிருந்தது. மற்றவர்களின் 'இல்லை'களைப் பொறுக்கியெடுத்துச் செய்த ஆராய்ச்சி! நிலையப் பொறுப்பாளர் என்று அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. "குளத்துல தவளை இருக்கே சார்" என்று அவள் தாளை வாங்காமல் நின்றாள்.

"போட்டுடுங்கம்மா. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. எங்கயாவது தூரமா மாத்திட்டாங்கன்னா கஷ்டம். ஒரு தவளைக்காகவா இவ்வளவு யோசிக்கிறீங்க?"

"ஒரு தவளைன்னா நானே பக்கெட்டுல தூக்கிட்டுப் போய் வேற எங்கயாவது விட்டுருவேன் சார். இது மொத்தக் கூட்டம். அது போனா நாரை போகும். குளமே போனா இந்தக் கிணறும் போகும். இப்பக் குடிச்சீங்களே, அது அந்தப் பள்ளத்துல இருந்து ஊறி வந்த தண்ணிதான்."

பொறியாளர் காலி டம்ளரைப் பார்த்தார்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரருக்கு வரவர ஊசி கோக்கவே கண் தெரிவதில்லை, அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது? ஆனாலும் பேனாவை எடுத்தாள். 'இல்லை' மேல் அழுத்தி ஒரு கோடு போட்டு, 'உண்டு. விவரம் இணைப்பில்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இணைப்பா? எங்க?"

அவள் அலமாரியை அகலத் திறந்தாள்.

"ஜீப்பைக் கொஞ்சம் வாசல்கிட்ட கொண்டு வரச் சொல்லுங்க சார். நாப்பத்திநாலு பதிவேடு இருக்கு."