மௌனம் என்று எழுதியிருந்த இடம்

நார்வேயில் நான் இருக்கும் இந்தச் சிற்றூரில் பேருந்தில் யாரும் யார் பக்கத்திலும் உட்கார மாட்டார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். அதே ஆட்கள் செவ்வாய்க்கிழமை மாலையானால் சர்ச் மண்டபத்தில் தோளோடு தோள் உரச நின்று, ஒரே மூச்சை இழுத்து ஒரே மூச்சாக விடுவார்கள். இதற்குக் 'கூர்' என்று பெயர். சேர்ந்து பாடும் குழு. வந்த புதிதில் மனிதக் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது, நானும் சேர்ந்தேன். செய்யூர்ப் பக்கத்தில் எங்கள் காலனி மாதா கோயிலில் ஞாயிறுதோறும் தொண்டை கிழியப் பாடியவள்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

எங்கள் குழுவுக்குப் பாட்டு எழுதுபவரும் நடத்துபவரும் யான் என்கிற இசையமைப்பாளர்தான். நல்ல மனிதர் என்றே எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. துக்கத்துக்கு மொழி கிடையாது, சொல் அதைச் சிறியதாக்கிவிடும், ஆகவே சொல்லை எடுத்துவிட்டு வெறும் உயிரெழுத்துகளை மட்டும் பாட வேண்டும் என்பார். போன மாதம் புதுப் பாட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆ, ஏ, ஓ என்று பக்கம் பக்கமாக இருந்தது. "மூலக் குரலின் நிறம் உங்களுக்குத் தெரிய வேண்டும்" என்று சொல்லித் தன் போனில் ஒரு பதிவைப் போட்டார். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் விடுமுறைக்குத் தங்கியிருந்தபோது, காரில் உள்கிராமங்களைச் சுற்றப் போனாராம். வழியில் ஒரு சாவு. வண்டி நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கிப் பதிவு செய்துகொண்டாராம்.

பதிவில் கேட்டது என் மேரி சித்தியின் குரல்.

சித்தி மகன் தேவா அந்தக் கடற்கரையில் வேறொரு ஓட்டலில் தோட்ட வேலை பார்த்தான். செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்ட அன்று, லாரி வரும்வரை காத்திருக்க முடியாது, விருந்தாளிகள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று அவனை உள்ளே இறக்கினார்கள். ஏறி வரவில்லை. சாவுக்கு என்னால் போக முடியவில்லை. போன் வீடியோவில் விட்டுவிட்டுத்தான் பார்த்தேன். எத்தனை முறை குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள். அந்த ஒப்பாரியை நான் முழுதாகக் கேட்டது இங்கே, காபிக் கோப்பைகளுக்கு நடுவில்தான்.

பயிற்சி முடிந்ததும் யானிடம் போய்ச் சொன்னேன். அது என் சித்தி, செத்தவன் என் தம்பி, மலக்குழியில் செத்தான் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கியது. "எவ்வளவு அழகு! அப்படியானால் பாட்டு சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது" என்றார். சித்தி மண்ணை வாரித் தூற்றிச் சபித்த வரிகள் எங்கே என்று கேட்டேன். பதிவில் அவை இருந்தன, தாளில் இல்லை. அந்த இடத்தில் மௌனம் என்று எழுதியிருந்தார். மெய்யெழுத்துகள் முரடாக இருந்தனவாம், குழுவின் குரலோடு கலக்காதாம்.

மறுநாள் சித்திக்குப் போன் செய்தேன். பாடவே கூடாது என்று சொல்வாள், நானும் விலகிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னாடி சொல்ற? என் புள்ளைக்கு நான் அழுதத்தப் பாட்டாக்கி கீறானா?" என்றாள். பிறகு, "மண்ணு வாரித் தூத்துனேனே, அது கீதா?"

"இல்ல சித்தி. அத்த எடுத்துட்டான்."

"அத்த எடுத்துட்டா மிச்சம் இன்னா கீது? வெறும் ராகம். கேசு போட்டோம், ஒண்ணியும் ஆவல. அந்த சாபம் ஒண்ணுதாண்டி என் கையில கீது. வச்சா முழுசா வைக்கச் சொல்லு. இல்லன்னா வாய மூடிகினு இருக்கச் சொல்லு."

இதை யானிடம் சொன்னேன். புன்னகைத்து, அந்த மௌனத்தில் கேட்பவரின் மனமே பேசும் என்றார். பேசும், பேசும். டேங்கை மூடியபிறகு அந்த ஓட்டலும் மௌனமாகத்தான் இருந்தது.

ஞாயிறு மதியம் கச்சேரி. சர்ச் நிறைந்திருந்தது. கருப்பு உடையில் இரண்டாம் வரிசையில் நின்றேன். ஆ, ஏ, ஓ முடிந்தது. யான் கையை உயர்த்தி மௌனத்தைப் பிடித்தார். நான் வாயைத் திறந்தேன்.

"என் புள்ளைய டேங்குல எறக்குனவனே, உன் வூட்டு அடுப்புல பூனை தூங்க! உன் வாசல்ல எருக்கு மொளைக்க!"

ஊர்க் கோயிலில் நான் பாடும் குரல் இல்லை அது. இழவு வீட்டுக் குரல். பக்கத்தில் நின்றவள் ஓரடி நகர்ந்தாள். யான் என் பக்கம் திரும்பினார். உடனே கண்ணை மூடிக்கொண்டு, தானே எழுதியதுபோல் தலையை ஆட்டினார். பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இடைவேளையில் வாஃபல் அப்பமும் ஜாமும் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, அந்த இடம்தான் மனதுக்கு இதமாக இருந்தது என்றாள். யான் வந்து காதோடு சொன்னார்: "அடுத்த கச்சேரியிலும் அது இருக்கட்டும். அற்புதமான நிறம்." தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

சித்திக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாடுனியாடி?"

"பாடுனேன் சித்தி. முழுசா."

"கேட்டவங்க இன்னா பண்ணாங்க?"

"எழுந்து நின்னு கை தட்டுனாங்க."

"எழவுக்கு வந்தவன் குந்தி அழுவான். இவனுங்க இன்னாத்துக்குக் கை தட்டுறானுங்க?"

இங்கே அது மரியாதை சித்தி என்றேன்.

"மரியாதையா?" என்றாள் சித்தி. "அந்த ஓட்டல்காரன்கூடத்தான் இம்மாம் பெரிய மாலை கொணாந்து போட்டான். மரியாதைன்னு."

இடைவேளை முடிந்து உள்ளே மணி அடித்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். குழுவினர் எல்லோரும் வரிசையில் ஏறிவிட்டார்கள். என் இடத்தை மட்டும் விட்டு நின்று, என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். சித்தி போனை வைக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.