வண்டி வேணாமே

அத்தையின் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்கேனர் இருக்கும். சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு மஞ்சள் கருவி, அதற்கு வால் மாதிரி தடித்த கறுப்பு ஒயர், ஒயரின் முனையில் பற்கள் வைத்த செருகி. ஊக்கு, சீப்பு, இருமல் மிட்டாய் இவற்றுக்கு நடுவே அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். இன்றைக்கும் அத்தையை நினைத்தால் முதலில் வருவது அவர் முகமல்ல, முதுகு. பட்டுச் சேலையை முழங்காலுக்கு இடையில் ஒதுக்கிக்கொண்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்திருக்கும் முதுகு. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணக் கூட்டம் நிற்கும். தோடு விழுந்துவிட்டதாக்கும், தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் முன்சீட்டில் பூக்கூடையை ஜன்னலோடு அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் மறைப்பது என் வேலை. அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும்.

அப்பாவின் தங்கை அவர். வெள்ளை நிற ஜெர்மன் கார் ஒன்று வைத்திருந்தார். மாமா ஆசைப்பட்டு இரண்டாவது கையாக வாங்கியது. ஒரு காலத்தில் ஏதோ பெரிய முதலாளி பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போன வண்டி என்று மாமா சொல்லிச் சிரிப்பாராம். வாங்கி அதிக நாள் ஆகவில்லை, மாமா மாரடைப்பில் போய்விட்டார். குழந்தைகள் இல்லை. விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தை விற்காமல், அதன் பிறகுதான் ஓட்டவே கற்றுக்கொண்டார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு ரொம்பக் காலம் புரியவில்லை. மாமா இறந்தபின் வந்த கல்யாணங்களில் அத்தை பின்வரிசையில்தான் இருந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தாலி கட்டும் நேரம் வந்தால் தானாகவே எழுந்து மண்டபத்தின் கடைசிக்குப் போய்விடுவாராம். யாரும் போகச் சொன்னதில்லை, யாரும் இருக்கச் சொன்னதும் இல்லை. கார் ஓட்ட ஆரம்பித்த பிறகு இது மாறியது. குடும்பத்திலேயே நீளமான, அழகான வண்டி அதுதான். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக எல்லோருக்கும் அது வேண்டும். யாராவது ஆண்பிள்ளை ஓட்டட்டுமே என்று பேச்சு வந்தால், "இது மாமா பழக்குன வண்டி லா. எங்கிட்ட மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்பார் அத்தை. அப்படித்தான் கணவரை இழந்த ஒரு பெண், ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் முன்னால் உட்கார்ந்து கோயில் வாசல்வரை போனார்.

ஆனால் வண்டிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் என்ஜின் வடிவில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு அடிக்கடி எரியும். பெரும்பாலும் சில்லறைக் காரணம்தான். ஒரு கல்யாணத்தன்று பின்சீட்டிலிருந்த பெரியம்மா எட்டிப் பார்த்து, நல்ல நாளும் அதுவுமா என்ன இது எரியுது என்று கேட்டார். "மஞ்சள்தானே அண்ணி, மங்களகரமா இருக்கட்டுமே" என்றார் அத்தை. மணப்பெண் மட்டும் சிரித்தாள். பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அடுத்த வாரமே அத்தையின் கைப்பைக்குள் ஸ்கேனர் வந்துவிட்டது.

ஆங் மோ கியோவில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த சீன அங்கிள் ஒருவர்தான் அதை வாங்கிக் கொடுத்தவர். செருகினால் என்ன கோளாறு என்பதற்கு ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும் திரையில் வரும். பிறகு அழிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் எண்ணும் போய்விடும், விளக்கும் அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். அங்கிள் இரண்டே விஷயம் சொல்லிக் கொடுத்தார். அழிக்கும் முன் எண்ணைப் படித்து நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எங்கே கோளாறு என்று அவர் தேடித் திண்டாட வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் மறுநாள் வந்தால் போதும், ஆனால் விட்டுவிட்டு மின்னினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

அத்தை எண்ணைப் படித்து என்னிடம் சொல்வார். "பாப்பா, பி, ஜீரோ, ஃபோர், ஃபோர், டூ. நீ வச்சுக்கோ. எனக்கு ரோட்டைப் பாக்கணும், மறந்துடும்." நான் வைத்துக்கொள்வேன். நாதஸ்வரம், அட்சதை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவில் வாய்க்குள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன், தாலி ஏறிய கணம் ஒன்றுகூட நினைவில்லை. எண்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்றை மறந்துவிடுவோமோ, மறந்தால் யாருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அப்போது பிடித்ததா, அதற்கு முன்பே இருந்ததா தெரியவில்லை. இப்போது என் மகளின் காய்ச்சல் மருந்து அளவையும் அப்படித்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அளக்கிறேன். அளந்தபின் கொட்டிவிட்டு மறுபடி அளக்கிறேன்.

பெரியம்மா மகளின் கல்யாணம் காத்தோங் கோயிலில். அன்று காலையும் அத்தை குனிந்து அழித்தார். பி, ஜீரோ, த்ரீ, ஜீரோ, டூ. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அப்போது எனக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரிந்திருக்காது. மணப்பெண்ணான அக்காவும் பெரியம்மாவும் பின்னால் ஏறினார்கள். விரைவுச்சாலையில் கொஞ்ச தூரம் போனதுமே வண்டி இலேசாக உதறியது. விளக்கு வந்தது. பிறகு மின்ன ஆரம்பித்தது.

அத்தை என்னைப் பார்த்தார். அங்கிள் சொன்னது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். இன்னும் பத்து நிமிடம் விரட்டியிருந்தால் கோயில் வந்திருக்கும். நிறுத்தினால் என்ன பேசுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அடுத்து வந்த வெளியேறும் பாதையில் இடது பக்கம் ஒதுங்கி, காலாங் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்தினார். இறங்கி ஓடி, கையை ஆட்டி டாக்சி பிடித்தார். அக்காவின் சேலைக் கொசுவம் கலையாமல் அதில் ஏற்றிவிட்டார். முகூர்த்தத்துக்கு அவர்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எதுவும் தவறவில்லை. ஆனால் டாக்சிக் கதவைச் சாத்தும் முன் பெரியம்மா சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், இந்த வண்டி வேணாம்னு."

பெரியம்மா வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

நான் டாக்சியில் ஏற மறுத்துவிட்டேன். அத்தையும் நானும் அந்தப் பட்டுச் சேலையிலும் பாவாடையிலும் சாலையோரம் இழுவை வண்டிக்காகக் காத்திருந்தோம். வண்டியின் முன்மூடியில் அலங்காரத்துக்குக் கட்டிய மல்லிகைச் சரம் அதன் சூட்டில் வதங்கி ஒட்டிக்கொண்டது. அத்தை அழவில்லை. இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

வொர்க்‌ஷாப்பில் நான்தான் எண்ணைச் சொன்னேன். அங்கிள் பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷன் காயில் ஒன்றைக் கழற்றி, வெடித்திருந்த இடத்தைக் காட்டினார். அப்படியே ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்து, அடிப்பாகம் பழுக்கக் காய்ந்திருக்கும், தீகூடப் பிடித்திருக்கலாம் என்றார். பெண்ணை வைத்துக்கொண்டு நிறுத்தினாயே, நல்லது செய்தாய் என்று அத்தையின் தோளைத் தட்டினார். இதைப் பெரியம்மாவிடம் போய்ச் சொல்லலாம் அத்தை என்று நான் வழியெல்லாம் நச்சரித்தேன்.

"எதுக்கு? அவங்க கேட்டது வண்டியப் பத்தியா பாப்பா?"

அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் வண்டி என்ற சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. வளைகாப்பு, நிச்சயதார்த்தம், புதுமனை புகுதல், எதுவானாலும் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "வண்டிக்குச் சொல்லணுமா?" இன்னொருவர் சொல்வார்: "வேணாமே, பாவம், அதுக்கு எதுக்குச் சிரமம்." எல்லோருக்கும் விளங்கும். யார் மனமும் புண்படாது. என் கல்யாணத்துக்கும் அப்பா வாடகைக்கு ஒரு புது வண்டி எடுத்தார். பஸ்ஸில் வந்த அத்தை, கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று பிறகு வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். அதே காத்தோங் கோயில். யார் யார் எப்படிப் போவது என்று பேசும்போது நான் அத்தையின் பெயரை எடுத்தேன். மாமியார் குழந்தைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். "அந்த வண்டி வேணாமேம்மா. குழந்தைய வச்சுக்கிட்டு எதுக்கு ரிஸ்க்கு?" என்றார்.

மாமியார் நல்லவர். எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டு வருகிறவர். அவர் சொன்னது வண்டியை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி உண்மையிலேயே பழையதுதான். வருகிற ஆண்டோடு அது சாலையில் ஓடுவதற்கான உரிமமும் முடிகிறது, அத்தை புதுப்பிக்கப் போவதில்லை. அதில் என் குழந்தையை ஏற்ற எனக்கே பயம். குழந்தை இருக்கை அந்தப் பழைய பெல்ட்டில் சரியாக உட்காருமா என்று முந்தின வாரமே நான் மனதுக்குள் கணக்குப் போட்டாயிற்று. ஆக, நானும் வண்டி வேண்டாம் என்றுதான் நினைத்திருக்கிறேன். நான் வண்டி என்று சொல்லும்போது எதைச் சொல்கிறேன்? எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் மட்டும் சுத்தமாகவா வாயில் வரும்? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை ஆங் மோ கியோவில் அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தார். அம்மா விசேஷத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், மற்றதைச் சொல்லவில்லை. அத்தை வண்டியைக் கழுவித் துடைத்திருந்தார். முடி நரைத்துவிட்டது. முட்டிவலியோடு ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிராமலே எண்ணைச் சொன்னார்: "பி, ஜீரோ, ஃபோர், டூ, ஜீரோ. பெருசா ஒண்ணுமில்ல. அழிச்சிடறேன், உன் மாமியார் கண்ணுல பட வேணாம்."

வழியில் யோசித்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"வண்டி வேணாம் அத்தை."

அவர் விரல் பொத்தான் மேலேயே நின்றது. சொல்லிவிட்டேனே, இந்தச் சொல்லையா சொன்னேன் என்று பதறி, "நீங்க வாங்க. வண்டிதான் வேணாம், நீங்க வரணும்" என்றேன்.

அத்தை மெதுவாக நிமிர்ந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். "வண்டி இல்லாம நான் அங்க வந்து என்ன பண்றது பாப்பா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "குத்தும்போது தலைய ஆடாம புடிக்கணும். என்னால பாக்கவே முடியாது. உங்க கை ஆடாது" என்றேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "பாக்கலாம்" என்றார்.

வருவாரா என்று கடைசிவரை தெரியவில்லை. நாங்கள் கோயிலில் இறங்கியபோது, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். மாமியார் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "வண்டியிலயா வந்தீங்க?"

"இல்லைங்க. பஸ்ஸுல."

"நல்லது" என்றார் மாமியார்.

அந்த நல்லதுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அப்போது யோசிக்கவும் நேரமில்லை. குழந்தையை என் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்தார்கள். அத்தை பின்னால் தள்ளி ஒரு தூணோரம் நின்றுகொண்டார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். பெரியம்மா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை குனிந்தார், அதே முதுகு. இரண்டு உள்ளங்கைக்குள் என் மகளின் தலையை வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீறிட்ட சத்தம் வந்தது, ஓய்ந்தது, இரண்டாவது சத்தம் வந்தது.

கண் திறந்தபோது மகள் அத்தையின் இடுப்பில் இருந்தாள்; அழுகையை நிறுத்துவதற்காக அத்தை கைப்பையைத் திறந்து கொடுத்திருந்தார். மகள் ஊக்கையும் சீப்பையும் விட்டுவிட்டு ஸ்கேனரை ஒயரோடு இழுத்து எடுத்தாள். கண்ணீர் காயாத முகத்தோடு அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். வண்டியில் செருகாத ஸ்கேனர் எதையும் காட்டாது. இருண்ட திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அத்தையிடமே நீட்டினாள்.

"ஒண்ணும் வரலையா கண்ணு" என்றார் அத்தை. வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு, குழந்தையை என் பக்கம் நீட்டி, தான் கிளம்பலாமா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை.