சவரிமுத்து சார் வீட்டு பிளசர்

கார் மெக்கானிக் தொழிலில் ஸ்பேனர் பிடிப்பது லேசு, "வண்டிய வச்சுக்கலாமா, கொடுத்துரலாமா?" என்று கேட்பவருக்கு வாயைத் திறந்து பதில் சொல்வதுதான் பெரும்பாடு. வச்சுக்கங்க என்றால் தன் பிழைப்புக்குச் சொல்கிறான் என்பார்கள். கொடுத்துருங்க என்றால் புரோக்கரோடு கூட்டு என்பார்கள். பழைய வண்டி வைத்து அல்லாடியவர்களே, எங்கள் பக்கமும் அல்லாட்டம்தான்.

பிரேக் பிடிக்கலை

தொண்ணூறுகளில் காரைக்குடியில் பட்டறை வைத்திருந்தேன். சாக்கோட்டையிலிருந்து சவரிமுத்து சார் தன் வெள்ளை பிளசர் காரை ஓட்டிக்கொண்டு வருவார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். நானும் அவரிடம் படித்தவன்தான். படித்தேன் என்றால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிரேக் பிடிக்கவில்லை என்றார். லைனிங் மாற்றினேன். திரும்ப வந்தார். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன். மறுபடியும் வந்தார், இந்தத் தடவை பம்பர் நசுங்கி. டீக்கடை பெஞ்சில் மோதியிருக்கிறார். கடைக்காரரும் சாரிடம் படித்தவர். ஒரு வார்த்தை கேட்காமல் பெஞ்சை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டாராம். நான் ஓட்டினால் மிதித்த இடத்தில் நிற்கிறது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சாருக்கு என்மேல் கோபமே இல்லை.

"வண்டிக்கு வயசாயிருச்சு மாணிக்கம், நீ என்ன செய்வ?"

பக்கத்து சீட்

சிங்கப்பூரில் இருந்த மகன், இதை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கச் சொல்லிவிட்டான். வாங்கலாமா என்று என் வாயால் கேட்க வந்தார் சார். ஒரு ரவுண்டு போய்விட்டுச் சொல்கிறேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரு பொம்பளைப் பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வந்தது. நான் சாரின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெடலைத் தேடியது. துழாவியது. கிடைக்கவே இல்லை. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி நின்றது. அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

சார் சொன்னார்: "பாத்தியா, பிடிக்கல."

லூர்தம்மா

வீடு வரைக்கும் நானே ஓட்டிப்போனேன். சார் முகம் கழுவப் போனதும் அவர் வீட்டம்மா லூர்தம்மா காபி கொண்டுவந்தார். சாருக்குச் சர்க்கரை வியாதி எவ்வளவு நாளாக என்று மெதுவாகக் கேட்டேன். டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது.

"வண்டி பழசாப் போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னதே நான்தான் தம்பி. அவுகளுக்குக் காலு மரத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

பதில்

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, என்னப்பா முடிவு என்றார் சார். புது வண்டியில் இதைவிட வேகம் அதிகம். அதே கால். அந்தச் சைக்கிள் பிள்ளை கண்ணுக்குள்ளேயே நின்றது. சாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "சார், பிரேக் நல்லாத்தான் இருக்கு."

அதற்கு மேல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு வீட்டம்மாவைப் பார்த்தார். அந்தம்மா தலை குனிந்துகொண்டார். சார் மேஜையில் கிடந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வண்டி இருக்கட்டும் மாணிக்கம். ஓட்டுறதுக்கு ஒரு ஆளப் பாரு."

நான் கழற்றிப் போட்ட லைனிங்கும் சிலிண்டரும் நல்ல சாமான்கள்தான் என்பது, மாற்ற வேண்டியதை சாரே மாற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது.