குனிவேன் என்று அவருக்குத் தெரியும்

போன வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன். அரியலூர் ரயில்வே கேட்டில், காலை ஒன்பது மணிக்கு, மொபெட்டும் கையுமாக.

கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் ஒன்று ஸ்டேஷனுக்குள் போய்விட்டது. அப்படியும் கேட் திறக்கவில்லை. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தன. எனக்கோ ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. குனிந்து, மொபெட்டைச் சாய்த்து, உள்ளே தள்ளினேன். நகரவில்லை.

திரும்பினால்... கேட்கீப்பர். ஒரு கையில் பச்சைக் கொடி, இன்னொரு கையில் என் வண்டி கேரியர். விடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டேஷன் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் என் மூக்குக்கு முன்னால் ஓடியது. கூட்ஸுக்காக ஸ்டேஷனில் காத்திருந்த வண்டி. லாரிச் சத்தத்தில் ஹாரன் என் காதில் விழவே இல்லை.

கடைசிப் பெட்டியும் கடந்ததும் கேட்டேன். "எப்படிங்க சரியா என் பின்னாடி வந்து நின்னீங்க?"

"ஆறு மாசமா பாக்கறேனே சார். கேட்டு சாத்துனா வாட்ச பாப்பீங்க. ஒரு வண்டி போனதும் தலைய சொறிவீங்க. உடனே குனிவீங்க. ஸ்டேஷன் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டீங்க. இன்னிக்கும் சொறிஞ்சீங்க... வந்துட்டேன்."

யார் சொல்லும் கேளாதவன், என் இஷ்டப்படி வாழ்கிறவன் என்று பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை அளந்திருக்கிறேன்? அன்றைக்குக் குனியலாம் என்று முடிவெடுத்தது யார்? முதுகு முதலில் குனிந்துவிட்டது. மூளை அப்புறம் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

'உன்னைப் பத்தித் தெரியாதா' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. என்னை இத்தனை அக்கறையாகக் கவனித்த மனிதருக்கு ஆறு மாதத்தில் நான் ஒரு வணக்கம்கூட வைத்ததில்லை. செல்வராசு என்ற பெயரையே அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கை கூப்பினேன்.

"இருக்கட்டும் சார். ஆபீசுக்கு லேட்டாயிருச்சு, போயிட்டு வாங்க" என்றார்.

மறுநாளும் கேட் சாத்தியிருந்தது. இன்று குனிவதில்லை — இது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு — என்று பெருமையாக வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டேன்.

கேபினுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில், ஒரு ஸ்டூல் தயாராக இருந்தது.

"இன்னிக்கு நிப்பீங்கன்னு தெரியும் சார். உக்காருங்க" என்றார் செல்வராசு.

உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டேன்.