கழுவித் துடைத்த புரோகிராம்

இப்போது அலுவலகத்தில் ஒரு மென்பொருளை ஓடவிட்டால் போதும். யார் யாரோ எழுதிய நிரல்களைப் படித்து, கணினி மொழியின் எந்த வசதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தேநீர் ஆறுவதற்குள் அட்டவணை போட்டுவிடும். எழுதியவர் முகம் எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இதே கணக்கை எடுக்க நான் பஸ் ஏறிப் போனேன்.

கல்லூரியில் ஒரு மொழியின் எல்லா வசதிகளையும் கற்றுத் தருகிறோமே, வேலைக்குப் போனவர்கள் அதில் எதையெல்லாம் உண்மையில் தொடுகிறார்கள்? இதுதான் என் ஆய்வு. அல்லிநகரம், உத்தமபாளையம் என்று கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதுகிறவர்களைத் தேடிப் போய் நிரலைக் கேட்டேன். பலர் கைவிரித்தார்கள். கம்பத்தில் உரக்கடை மாடியில் அறை வைத்திருந்த ஓர் அக்கா மட்டும், "அடுத்த வாரம் வாங்க தங்கச்சி, தாரேன்" என்றார். திராட்சை, வாழை மண்டிகளில் எடைக்குத் தக்க பில் அடிக்கிற புரோகிராமை அவர் தனியாளாக எழுதியிருந்தார்.

சொன்னபடியே பென் டிரைவில் கொடுத்தார். வீட்டில் திறந்து பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை.

மறுபடி கம்பம் போனேன். "அக்கா, இது ஓடலயே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்டியில ஓடுறது வேற. ஆராய்ச்சின்னு வந்திருக்கீகளேன்னு அதக் கழுவித் துடச்சுக் கொடுத்தேன். எங்கயோ பிச்சுக்கிச்சு போல."

"எனக்குக் கழுவாததுதான்க்கா வேணும்."

"அது ஒரே கோ டூவா கெடக்கும். உங்க வாத்தியாருக பாத்தா என்ன சொல்லுவாக?"

கோ டூ என்பது, இருக்கிற வரியை விட்டு வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளை. அதைத் தொடாதே என்றுதான் எல்லாருக்கும் கற்றுத் தருவார்கள். தொடுகிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலையே என்றேன். அக்கா நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

அன்று மதியம் முழுக்க இருவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோ டூவைக் காட்டி, எதற்கு என்று கேட்டேன்.

"பிரிண்டர்ல பேப்பர் சிக்கிச்சுன்னா பாதி பில்ல விட்டுட்டு நேரா பில்லோட மொத வரிக்குத் தாவணும். வெளிய லாரி நிக்குது, காய் பழுத்துக்கிட்டு இருக்கு. அழகாச் சுத்திப் போக ஏது நேரம்?"

கேட்டால் துடைத்துத்தான் தருவார்கள் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதினேன். புள்ளிவிவரத்தில் இதற்கு இடமில்லை என்று வழிகாட்டிப் பேராசிரியர் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். பட்டம் கிடைத்தது.

போன பொங்கலுக்கு ஊர் போனபோது அக்காவைப் பார்த்தேன். மண்டிகள் செல்போன் செயலிக்கு மாறிவிட்டன. அவர் வீட்டிலிருந்தபடியே ஏதோ வெளியூர் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறார்.

"இன்னமும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீகளா?"

"ஆமாக்கா."

"நான் எழுதுனது ஒங்க கணக்குல வந்தா ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். சொல்லும்போதே எனக்கு அந்த மாடி அறைக்குப் போக வேண்டும் போல இருந்தது.