குடத்தோடு வந்த டீச்சர்

எங்கள் ஊர் கிராம சபைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன பிறகு மிஞ்சியது தலைவர், அவர் மச்சினன், கிளர்க், எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சர், கடைசி பெஞ்சில் நான். டீச்சர் கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருப்பார். கூட்டத்துக்குக் காலி சில்வர் குடத்தோடுதான் வருவார். பேசுமுன் அதை ஒரு தட்டுத் தட்டுவார்.

"எங்க தெருவுக்கு எப்பங்க தண்ணி?"

மூன்றாம் தடவை தட்டிக் கேட்டதும் மச்சினன் சீறினான். "இந்தம்மா என்னாத்துக்கு நாயாட்டம் குலைக்குது?"

அடிதடி ஆகிவிடுமோ என்று நான் வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். டீச்சர் சிரித்தார்.

"இங்கிலீஷ்ல சினிக்னு ஒரு வார்த்தை இருக்குதுங்க. கிரேக்கத்துல அதுக்கு நாயாட்டம்னு அர்த்தம். யாருக்கும் அடங்காம தெருவுல வாழ்ந்த ஞானிங்கள ஊரு அப்படித் திட்டுச்சு. அவங்க வெக்கப்படாம அதையே பேரா வெச்சுக்கிட்டாங்க. நானும் வெச்சுக்கறேன். தண்ணி எப்பங்க?"

"கூட்டம் முடிஞ்சுது" என்று தலைவர் எழுந்துகொண்டார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த வார்த்தை இன்னும் வாயில் நுழையவில்லை. தண்ணீரும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நானும் ஒரு குடம் எடுத்து வைத்திருக்கிறேன். கை நடுங்கத்தான் போகிறது. நடுங்கட்டும், குடம் சத்தம் போடும்.