புல் பிடுங்காத அழகம்மா

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் அழகம்மா தம் மரக்கறிப் பாத்திகளுக்குள் நுழைவார். லீக்ஸ் வரிசைகளுக்கு இடையே குனியாமல் நிதானமாக நடப்பார். அந்த நடையைத் தோட்ட நிர்வாகியான துரையின் நடையோடு ஒப்பிட்டு, பக்கத்துத் துண்டுக் காணியிலிருந்து அம்மாக்கண்ணு குரல் கொடுப்பார்: "தொர மல பாக்க வந்துட்டாருங்க! எல்லாரும் ஒழுங்கா வேல செய்ங்கடி!"

"சிரி, சிரி. கைய அவுத்து வுட்டா அது தானா புல்லுக்குப் போயிரும்டி."

அது விளையாட்டுப் பேச்சன்று. கந்தப்பளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தும் புல் வெட்டியும் உரமேறிய கைகள் அவை. சுரண்டி என்னும் இரும்புத் தகட்டால் செம்மண் தெரியும்வரை தரையை வழித்தெடுப்பதே அங்கு நல்ல வேலை எனப்பட்டது. ஓய்வுக்குப்பின் நிர்வாகம் பயிரிடக் கொடுத்த சரிவுத் துண்டையும் அவர் அவ்வாறே வழித்து வைத்தார்.

"வூட்டு வாசல் மாதிரி வச்சிருந்தேங்க. ஒரே மழதான். கரட் வெதையும் போச்சு, எருவும் போச்சு. எல்லாம் ரோட்டுக் கான்ல கெடந்துச்சு."

வீதியோர வடிகாலான கானை அந்த மண் அடைத்ததால் நிர்வாகத்தின் எச்சரிக்கை வந்தது: இன்னொரு முறை மண் இறங்கினால் துண்டு திரும்பப் பெறப்படும். அதே தோட்டத்தில் எனக்கிருந்த துண்டும் அப்படித்தான் போனது. மேல்மலைத் தேயிலையிலிருந்து வந்த மண்ணை, என் துண்டிலிருந்து இறங்கியதாகக் கடிதம் எழுதினார்கள். அக்கடிதம் இன்றும் என்னிடம் உள்ளது.

இப்போது அழகம்மாவின் வரிசைகளுக்கிடையே புல் நிற்கிறது. உயர்ந்தால் அரிவாளால் மேற்பகுதியை மட்டும் அரிந்து, வேரை விட்டுவிட்டு, அங்கேயே பரப்புகிறார். உரக்கடைப் பக்கம் போவதில்லை. மாட்டெருவும் மக்கிய இலையுமே போதும் என்கிறார். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதற்குள் இடைக்கிடை குழி தோண்டியிருக்கிறார். மழைநீர் குழிகளில் நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. மிஞ்சுவதை, வெயில் நாள்களில், அடியில் ஆணித்துளையிட்ட பால்மா டின்னால் மொண்டு செடிகளுக்குத் தெளிக்கிறார். "வாளியால ஊத்துனா மண்ணு எகிறுங்க. தூறல் மாதிரி வுழணும்."

சென்ற வாரம், தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்னா அழகம்மா, காடாக் கெடக்கு? நாளைக்குத் தொர வாராரு. சுத்தம் பண்ணி வைங்க."

"சுத்தம் பண்ணுனா மண்ணு போயிருங்களே ஐயா."

"தொர கண்ணுக்கு மொதல்ல புல்லுதான் தெரியும்."

"புல்லு இருந்தா ஏச்சு வுழும், மண்ணு போனா துண்டே போயிரும். ஏச்சு எனக்குப் பழகுனதுதானுங்க."

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு அழகம்மா வீதியோரக் கானில் இறங்கி நின்றார். அவர் துண்டின் நீர் வந்து விழும் இடம் அது. மற்றத் துண்டுகளிலிருந்து தேநீர் நிறத்தில் வெள்ளம் பாய்ந்தது.

"என்னாக்கா, ஒங்கடதும் கலங்குதா?" என்று அம்மாக்கண்ணு மேலிருந்து கத்தினார். இம்முறை அதில் கேலி இல்லை.

துரையின் ஜீப் வளைவில் திரும்பும் ஓசை கேட்டது. அழகம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து, தம் துண்டிலிருந்து வழிந்த நீரை உள்ளங்கையில் ஏந்தினார். சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அதிலேயே முகம் கழுவினார்.